கரண்ட் வந்தும் இணையம் வரவில்லை: 90 மணி நேரம் பின்தங்கிய ஒரு வீட்டு சர்வர்

பின்னணி

இது 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது, சென்னையில் பள்ளிக்கரணையை ஒட்டிய ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்தது. வீட்டுக்காரர் என் கல்லூரி நண்பர். மென்பொருள் வேலை, பொழுதுபோக்காக வீட்டிலேயே சர்வர் ஓட்டுகிறார். அவர் அனுமதியோடு, பெயர் சொல்லாமல் எழுதுகிறேன். அன்றிரவு தொலைபேசியில் மறுமுனையில் இருந்தது நான்.

அவர் வீட்டில் இருந்தவை பெரிய உபகரணங்கள் இல்லை. ஃபைபர் மோடம், அதன் பின்னால் ஓப்பன்-டபிள்யூஆர்டி என்ற திறந்த மென்பொருள் போட்ட ரவுட்டர், எட்டு போர்ட் ஸ்விட்ச், புகைப்படங்களுக்கு இரண்டு வட்டு போடும் நாஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி), டாக்கர் கண்டெய்னர்கள் (தனித்தனி உறைக்குள் ஓடும் நிரல்கள்) ஓடும் ஒரு மினி பிசி, உள்ளங்கை அளவுக் கணினியான ஒரு ராஸ்பெர்ரி பை 4. எல்லாம் ஹாலில் ஷூ ரேக்கின் மேல்தட்டில்.

இவற்றில் அந்த ராஸ்பெர்ரி பை (இனி 'பை') தான் வீட்டின் டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைத் தேடித் தரும் சர்வர். விளம்பரங்களைத் தடுக்கும் பை-ஹோல் அதில் கண்டெய்னராக ஓடுகிறது. அதற்குப் பின்னால் அதே பையில் அன்பவுண்ட் என்ற பெயர்த் தேடி நிரல். இது கூகுளையோ கிளவுட்ஃபிளேரையோ கேட்காமல், எல்லாப் பெயர்களுக்கும் தொடக்கமான வேர் சர்வரிலிருந்து தானே தேடி விடை கொண்டுவரும். விடையில் கையொப்பம் இருந்தால், அது போலி அல்ல என்று டிஎன்எஸ்செக் முறையில் சரிபார்க்கும். பைக்கும் பெயர் தேட வேறு வழி கிடையாது. அது தன்னையேதான் கேட்கும். சுமார் இரண்டு வருடம் இந்த அமைப்பு தொல்லையில்லாமல் ஓடியது. இடையில் வந்த மின்தடைகளை யுபிஎஸ் சமாளித்தது, இல்லையென்றால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் கரண்ட் திரும்பியது.

கரண்ட் போனதும் வந்ததும்

டிசம்பர் 4, திங்கள் அதிகாலை 2:40-க்குக் கரண்ட் போனது. யுபிஎஸ் முக்கால் மணி நேரம் தாங்கி 3:25 வாக்கில் ஓய்ந்தது. கீழ்த்தளத்தில் தண்ணீர். அடுத்த மூன்று நாளும் அந்தத் தெருவுக்கு மின்சாரம் இல்லை. வியாழன் இரவு, 7-ஆம் தேதி 9:20-க்குத்தான் விளக்கு எரிந்தது.

மூன்று நாளாக ஊரில் யார் எப்படி இருக்கிறார்கள் என்று சரியாகத் தெரியாத வீடு அது. செல்போன் டவர்கள் விட்டுவிட்டு வேலை செய்தன. எல்லாரும் வைஃபைக்காகக் காத்திருந்தார்கள். மோடத்தில் பச்சை விளக்கு எரிந்தது, போன்கள் வைஃபையில் சேர்ந்தன, ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லை.

முதல் ஒன்றரை மணி நேரம்

நண்பர் செய்தவை எல்லாமே அந்த நேரத்தில் நியாயமானவை என்பதைச் சொல்லிவிட வேண்டும். முதலில் கூகுள் டிஎன்எஸ்ஸின் 8.8.8.8 என்ற எண் முகவரிக்குப் பிங் (இருக்கிறாயா என்று கேட்கும் சிறு செய்தி) அனுப்பினார். பதில் வந்தது. ஆக இணைப்பு இருக்கிறது, பெயர் தேடுவதில்தான் கோளாறு. நாஸ் பெட்டியின் உள்வீட்டுப் பெயர் சரியாகத் திறந்தது. வெளிப் பெயர்கள் மட்டும் திறக்கவில்லை. பை-ஹோல் உயிரோடு இருக்கிறது, அதற்குப் பின்னால் ஏதோ செத்திருக்கிறது என்று இதிலேயே முடிவுக்கு வந்திருக்கலாம். கிட்டத்தட்ட வந்தும் விட்டார்.

அடுத்த சோதனைதான் அவரைத் திசை திருப்பியது. மடிக்கணினியிலிருந்து, பையை விட்டுவிட்டு, கூகுளின் 8.8.8.8-ஐயே நேராகக் கேட்டுப் பார்த்தார். அதுவும் 'சர்வ்ஃபெயில்', அதாவது தேட முடியவில்லை, என்றது. கூகுளே தோற்றுப்போனால் கோளாறு வீட்டுக்கு வெளியேதானே? வெள்ளத்தில் இணைய நிறுவனத்தின் கருவி எங்கோ கெட்டிருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, புகாரும் கொடுத்தார். அந்த வாரத்தில் அதை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

உண்மையில் அந்தக் கேள்வி கூகுளுக்குப் போகவே இல்லை. ஸ்மார்ட் டிவி பை-ஹோலைத் தாண்டி நேராக 8.8.8.8-ஐக் கேட்பதைப் பார்த்து, இரண்டு வருடத்துக்கு முன் ரவுட்டரில் ஒரு விதி போட்டிருந்தார்: டிஎன்எஸ் கேள்விகள் போகும் வாசலான 53-ஆம் போர்ட்டுக்கு, பையைத் தவிர வீட்டிலிருந்து எது போனாலும் அதைப் பைக்குத் திருப்பிவிடு. பதில் திரும்பும்போது 8.8.8.8-இடமிருந்து வந்ததுபோலவே வேஷம் போட்டு வரும். விதியைப் போட்டவருக்கே அது மறந்துபோயிருந்தது. ரவுட்டரின் டிஎச்சிபி அமைப்பில் (கருவிகளுக்கு முகவரியும் டிஎன்எஸ்ஸும் ஒதுக்கும் இடம்) எல்லாருக்கும் வெளி டிஎன்எஸ் கொடுத்துப் பார்த்ததும் இதே காரணத்தால் வீணானது.

பிறகு பையின் எஸ்டி கார்டு மேல் சந்தேகம் வந்தது. திடீரென்று கரண்ட் போனால் எஸ்டி கார்டு கெடுவது வாடிக்கைதான். கோப்பு முறைமையில் பிழை இல்லை. கண்டெய்னரை நிறுத்தித் தொடங்கினார், பையை இரண்டு முறை மறுதுவக்கம் செய்தார், கண்டெய்னரின் புதிய இமேஜை (நிரல் பொதியை) இறக்கப் பார்த்தார். பெயர் தேட முடியாத பையால் அதை இறக்கவும் முடியவில்லை. அன்பவுண்டின் பதிவேட்டில் எதுவும் இல்லை. பலரும் செய்வதுபோல எஸ்டி கார்டு தேயாமல் இருக்க எழுதும் அளவைப் பூஜ்யத்தில் வைத்திருந்தார்.

படத்தில் இருந்த மணி

இரவு 10:48-க்கு மடிக்கணினித் திரையைப் போனில் படமெடுத்து, செல்போன் டேட்டாவில் எனக்கு அனுப்பினார். பை-ஹோலின் முகப்புப் பக்கம். கீழே கேள்விப் பட்டியல் முழுக்க சர்வ்ஃபெயில். ஆனால் என் கண்ணில் பட்டது நேர நிரல்.

"இது எப்ப எடுத்த படம்டா?"

"இப்பதான். ரெண்டு நிமிஷம் இருக்கும்."

"லிஸ்ட்ல நாலாம் தேதி காலைல நாலு நாப்பத்துநாலுன்னு இருக்கே."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "ஐயோ, கடிகாரமா?" என்றார்.

அதே படத்தின் ஓரத்தில் மடிக்கணினியின் கடிகாரம் 7-ஆம் தேதி 22:46 என்று காட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்றும் அந்தப் படத்தில் இருந்தது. கடந்த 24 மணி நேரத்துக்கான வரைபடத்தில் இடைவெளியே இல்லை. மூன்றே முக்கால் நாள் இருட்டில் கிடந்த வீடு, வரைபடத்தில் தொடர்ச்சியாக விழித்திருந்தது. பையைப் பொறுத்தவரை அந்த நாட்கள் நடக்கவே இல்லை. அவர் இந்தப் பக்கத்தை ஒன்றரை மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இடைவெளி இருந்தால் கண் நிற்கும். இல்லாத இடைவெளியை யார் தேடுவார்கள்?

சந்தேகத்தை உறுதி செய்ய ஒரு சோதனை போதுமானதாக இருந்தது. பையில் உட்கார்ந்து 5335-ஆம் போர்ட்டில் அன்பவுண்டை நேராகக் கேட்டோம்: சர்வ்ஃபெயில். அதே கேள்வியை, கையொப்பத்தைச் சரிபார்க்க வேண்டாம் என்ற கொடியோடு கேட்டோம்: முகவரி உடனே வந்தது. தேடல் வேலை செய்கிறது, சரிபார்ப்புதான் தோற்கிறது. சரிபார்ப்புப் பதிவைக் கூட்டி வைத்ததும், கையொப்பம் அதன் தொடக்கத் தேதிக்கு முன்பே வந்திருக்கிறது என்ற பொருளில் வரிசையாகப் புலம்பல்கள் விழுந்தன.

ஏன் நடந்தது

ராஸ்பெர்ரி பை 4-இல் பேட்டரியில் ஓடும் கடிகாரம் கிடையாது. மேசைக் கணினிகளில் இருக்கும் நாணய பேட்டரி வேலையை இதில் ஒரு சிறு நிரல் பார்க்கிறது: மணிக்கொரு முறையும், முறையாக அணைக்கும்போதும் அப்போதைய நேரத்தைக் கோப்பில் எழுதி வைக்கும், எழும்போது அதையே நேரமாக எடுத்துக்கொள்ளும். அவருடையது டெபியன் 11 என்ற லினக்ஸ் வழி வந்த அமைப்பு. டெபியனில் மணிக்கொரு முறை ஓடும் வேலைகள் 17-ஆம் நிமிடத்தில் ஓடுவது வழக்கம். ஆக யுபிஎஸ் அணையுமுன் கடைசியாக எழுதப்பட்டது திங்கள் காலை 3:17. வியாழன் இரவு 9:20-க்குப் பை கண்விழித்ததும் அதே 3:17. வித்தியாசம் 90 மணி நேரம்.

சாதாரணமாக இது பிரச்சினையே இல்லை. எழுந்ததும், இணையத்தில் சரியான நேரம் சொல்லும் என்டிபி சர்வரைக் கேட்டு மணியைச் சரிசெய்துகொள்ளும். ஆனால் அந்த சர்வர் அமைப்புக் கோப்பில் பெயராக இருக்கிறது. பெயருக்கு முகவரி வேண்டும். முகவரி தர வேண்டியது அன்பவுண்ட். அன்பவுண்ட் கையொப்பத்தின் தேதியைப் பார்க்கும். தேதி பார்க்கச் சரியான மணி வேண்டும். மணி வேண்டுமென்றால் என்டிபி வேண்டும். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை.

டிஎன்எஸ்செக் கையொப்பம் ஒவ்வொன்றுக்கும், மாதாந்திர பஸ் பாஸ் போல, எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை என்று இரண்டு தேதி உண்டு. வேர் மண்டலத்துக்கு (வேர் சர்வர்கள் தரும் பட்டியலுக்கு) நாள்தோறும் புதிய கையொப்பம் இடப்படுகிறது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 13 நாள் செல்லும். வியாழக்கிழமை இட்ட கையொப்பத்தைத் திங்கட்கிழமையில் நிற்கும் கண்டக்டரிடம் நீட்டினால் 'இது இன்னும் தொடங்கவே இல்லை' என்றுதான் சொல்வார். காம், ஓஆர்ஜி, இன் என எதற்கும் வழி வேரிலிருந்துதான் என்பதால் வெளி உலகமே மொத்தமாகப் போய்விட்டது.

முந்தைய மின்தடைகளில் இது ஏன் வரவில்லை என்று அவர் கேட்டார். நல்ல கேள்வி. அன்பவுண்ட் கொஞ்சம் தாராளம் காட்டும்: கையொப்பத்தின் ஆயுளில் பத்தில் ஒரு பங்கு வரை மணி பிசகினாலும் பொறுத்துக்கொள்ளும், குறைந்தது ஒரு மணி நேரம், அதிகபட்சம் ஒரு நாள். வேர்க் கையொப்பங்களுக்கு அந்த முழு ஒரு நாள் சலுகை கிடைக்கிறது. இரண்டு மணி நேர மின்தடை அதற்குள் அடங்கிவிடும். ஒரு நாளைத் தாண்டும் மின்தடை அதுவரை அந்த வீட்டில் வரவில்லை, அவ்வளவுதான். ஓட்டை இரண்டு வருடமாக இருந்தது.

இந்த முட்டை-கோழிச் சிக்கல் மென்பொருள் எழுதுபவர்களுக்குத் தெரியாததும் அல்ல. டிஎன்எஸ்மாஸ்க் என்ற இன்னொரு டிஎன்எஸ் நிரலில், மணி சரியாகும்வரை கையொப்பத் தேதியைக் கண்டுகொள்ளாமல் விடும் வசதி உண்டு. லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்-டியின் நேர ஒத்திசைவு நிரலும் தன் பெயர்த் தேடலில் சரிபார்ப்பு வேண்டாம் என்று கேட்கும்படி பின்னாளில் மாற்றப்பட்டது; ஆனால் அது சிஸ்டம்-டியின் சொந்தப் பெயர்த் தேடியைப் பயன்படுத்துபவர்களுக்கே உதவும். தனியாக அன்பவுண்ட் வைத்திருப்பவர் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கண்டெய்னரை மறுபடி மறுபடி தொடங்கியதில் ஏன் பலனில்லை என்பதும் இங்கே விளங்கும். கண்டெய்னருக்கென்று தனிக் கடிகாரம் கிடையாது. அது பார்ப்பது தான் ஓடும் கணினியின் கெர்னல் (இயங்குதளத்தின் மையம்) காட்டும் மணியை. புது இமேஜ் இறங்கியிருந்தாலும் அதுவும் திங்கட்கிழமையில்தான் எழுந்திருக்கும்.

அன்றிரவு எடுத்த முடிவு

இரண்டு வழி இருந்தது. அன்பவுண்டில் சரிபார்ப்பையே அணைத்துவிடலாம், அல்லது கையால் மணியைத் திருத்தலாம். முதலாவதை நான் வேண்டாம் என்றேன். அவசரத்தில் அணைக்கும் பாதுகாப்பை யாரும் திரும்பப் போடுவதில்லை, நான் போட்டதில்லை. கையால் தேதியையும் மணியையும் கொடுத்து அன்பவுண்டை மறுதொடக்கம் செய்தார். மணி 11:12. ஒரு நிமிடத்துக்குள் பக்கங்கள் திறந்தன; பை என்டிபியைத் தானே பிடித்து மீதிச் சில விநாடிகளையும் சரிசெய்துகொண்டது. பின்னணியில் அவர் அம்மா யாருக்கோ வீடியோ கால் போடும் சத்தம் கேட்டது. தூங்கப் போகலாம் என்று முடிவு செய்தோம்.

அது தவறான முடிவு. எல்லாப் பெட்டிகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் போயிருக்க வேண்டும்.

மறுநாள் காலை தெரிந்த இரண்டாவது சேதம்

இதற்கும் கடிகாரத்துக்கும் சம்பந்தமில்லை. முதல் கோளாறின் இரைச்சலில் இது மறைந்திருந்தது. கரண்ட் வந்ததும் எல்லாப் பெட்டிகளும் ஒரே நேரத்தில் எழுந்தன. மினி பிசி இருபது விநாடியில் தயார். நாஸ் எழ நான்கு நிமிடம். மினி பிசி நாஸிலுள்ள புகைப்பட அடைவை (ஃபோல்டரை) மவுண்ட் செய்ய, அதாவது தன்னுடையதுபோல இணைத்துக்கொள்ளப் பார்த்தது, முடியவில்லை. மவுண்ட் ஆகாவிட்டாலும் பரவாயில்லை, கணினி எழட்டும் என்ற அமைப்பு இருந்ததால் சத்தமில்லாமல் நகர்ந்துவிட்டது. புகைப்படக் கண்டெய்னர் காலி அடைவின் மேல் தொடங்கி, தனக்கு வேண்டிய அடைவுகளைப் புதிதாக உருவாக்கிக்கொண்டது.

இணையம் வந்ததும் மனைவியின் போன், மூன்று நாளாக எடுத்த 212 படங்களை அந்தக் கண்டெய்னருக்கு ஏற்றியது. தண்ணீரில் நின்ற காரின் படங்கள், காப்பீட்டுக்காக எடுத்தவை. அவை நாஸுக்குப் போகாமல் மினி பிசியின் சொந்த வட்டில் விழுந்தன. பிறகு 2:30-க்குக் காப்பு நகல் வேலை ஓடியது. மூலத்தில் இல்லாததை நகலிலும் அழி என்ற அமைப்போடு ஓடும் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரல். மூலத்தில் அந்த 212 படங்களைத் தவிர ஒன்றுமே இல்லை. யுஎஸ்பி வட்டிலிருந்த 640 ஜிபி நகலைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, வேலை வெற்றி என்று குறிப்பும் எழுதியது.

காலை ஒன்பது மணிக்கு அவர் இதைக் கண்டார். நாஸிலுள்ள அசல் பத்திரமாக இருந்தது. அதனால் இது இழப்பு ஆகாமல் போனது. ஆனால் மறு நகல் முடியும்வரை ஒன்பது மணி நேரம், கரண்ட் மறுபடி போகலாம் என்ற நிலையில், அந்தக் குடும்பத்தின் பதினோரு வருடப் புகைப்படங்கள் ஒரே இடத்தில் இருந்தன. அவர் அந்த நாளைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

நடுவில் ஒரு சறுக்கல். பதற்றத்தில் முதலில் நாஸை மவுண்ட் செய்துவிட்டார். அடியில் கிடந்த 212 படங்களும் கண்ணிலிருந்து மறைந்தன. அழியவில்லை, மேலே பாய் விரித்ததுபோல மூடப்பட்டிருந்தன. வேர் அடைவை இன்னொரு இடத்தில் பைண்ட் மவுண்ட் செய்தால் பாய்க்கு அடியில் இருப்பது தெரியும். அப்படித்தான் மீட்டார்.

மாற்றியவை, மாற்றாமல் விட்டவை

பைக்கு டிஎஸ்3231 கடிகாரச் சில்லு ஒன்று வாங்கினார். நாணய பேட்டரியில் ஓடும். அறை வெப்பத்தில் வருடத்துக்கு ஒரு நிமிடம்போலத்தான் பிசகும். வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சந்தையில் பரவலாகக் கிடைக்கும் நீல நிறப் பலகையில் பேட்டரிக்கு மின்னேற்றும் சுற்று உண்டு. அதில் மின்னேற்றக் கூடாத சாதாரண பேட்டரியைப் போட்டு 5 வோல்ட் கொடுப்பது நல்லதல்ல. பையின் பின்களில் நேராகச் செருகும் சிறிய வகையை எடுத்தார்.

சில்லும் ஒருநாள் பேட்டரி தீர்ந்து நிற்கும் என்பதால், அதற்குப் பின்னால் இன்னொரு ஏற்பாடு. பையின் என்டிபி சர்வர் இப்போது ரவுட்டர்தான். பெயரால் அல்ல, வீட்டுக்குள் இருக்கும் எண் முகவரியால். பெயர் தேடாமல் மணி கேட்கலாம். வட்டம் அங்கே வெட்டப்பட்டது.

டிஎச்சிபியில் இரண்டாவது டிஎன்எஸ்ஸாக 8.8.8.8 கொடுத்தால் என்ன என்று அவர் கேட்டார். பலர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் கருவிகள் இரண்டாவதை ஆபத்துக்கென்று ஒதுக்கி வைப்பதில்லை. நினைத்தபோது எதை வேண்டுமானாலும் கேட்கும். விளம்பரம் விட்டுவிட்டு எட்டிப் பார்க்கும், உள்வீட்டுப் பெயர்கள் விட்டுவிட்டுத் திறக்காது. விட்டுவிட்டு வரும் கோளாறைவிட முழுக் கோளாறு மேல். ஆகவே இரண்டாவது பை-ஹோலும் அன்பவுண்டும் மினி பிசியில் வைக்கப்பட்டன. அதில் பேட்டரிக் கடிகாரம் உண்டு.

53-ஆம் போர்ட் விதியை எடுக்கவில்லை. அதற்கு விளக்கமான பெயர் வைத்தார். ரவுட்டரில் போட்ட இத்தகைய விதிகளை ஒரு தாளில் எழுதி ஷூ ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டினார். இணையம் இல்லாதபோது படிக்க முடிகிற ஆவணம் அது ஒன்றுதான்.

காப்பு நகல் வேலை இப்போது முதலில் நாஸில் ஒரு அடையாளக் கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும், இல்லாவிட்டால் நின்றுவிடும். ஒரே ஓட்டத்தில் இத்தனைக்கு மேல் அழிக்காதே என்ற வரம்பும் உண்டு. மவுண்ட் ஆகும் காலி அடைவுக்கு எதுவும் எழுத முடியாத பூட்டுப் போட்டிருக்கிறார். கண்டெய்னர் மவுண்டைச் சார்ந்தே தொடங்கும்.

சோதனை

2024 ஜனவரியில் ஒரு ஞாயிறு மதியம், வீட்டில் மற்றவர்கள் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, எல்லாவற்றையும் பிடுங்கிப் பார்த்தார். சில்லைக் கழற்றி, சேமித்த நேரக் கோப்பில் நான்கு நாள் பழைய தேதியை எழுதி, மொத்தமாகக் கரண்ட் கொடுத்தார். பை ஒரு நிமிடத்துக்குள் ரவுட்டரிடம் மணி கேட்டுத் திருத்திக்கொண்டது. புகைப்படக் கண்டெய்னர் எதிர்பார்த்தபடி தொடங்க மறுத்தது. ஆனால் நாஸ் எழுந்த பிறகும் தானாகத் தொடங்கவில்லை; அவர் கையால் தொடங்க வேண்டியிருந்தது. யாராவது அந்த அடைவைத் தொடும்போது மவுண்ட் ஆகும் முறைக்கு மாற்றிய பின் அதுவும் சரியானது.

ரவுட்டருக்கும் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. அது தன் மணியை வெளி என்டிபி சர்வரிடம் கேட்கிறது. அந்தப் பெயரை இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸில் தேடுகிறது. அந்த ஒரு தேடல் மட்டும் சரிபார்ப்பில்லாமல் வெளியே போகிறது. நண்பர் அதை அப்படியே விட்டிருக்கிறார். தாளில் கடைசி வரியாக எழுதியும் வைத்திருக்கிறார்.